கரியும் சாம்பலும் கொஞ்சம் பச்சைப் பொடியும்: கியோட்டோ நாட்குறிப்பு

நவம்பர் 3, கியோட்டோ

இன்று ஜப்பானில் கலாசார நாள், அரசு விடுமுறை. கியோட்டோ ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. சித்தி மகள் ஒசாகாவிலிருந்து வந்து காத்திருந்தாள். அவள் இங்கே வேலைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. சனி ஞாயிறுகளில் கியோட்டோவுக்கு வந்து தேநீர் முறை கற்றுக்கொள்கிறாள். இந்த வாரம் அவளுடைய ஆசிரியை வீட்டில் அடுப்பு திறக்கும் நாள் வருகிறது. அதற்காகவே நவம்பரில் வரச் சொன்னாள். அவளும் லீவு போட்டிருக்கிறாள். "மற்ற மாசத்துல வந்தா பாதிதான் புரியும்க்கா" என்றாள்.

ஜப்பானியத் தேநீரைப் பற்றித் தமிழில் நான் படித்ததெல்லாம் அமைதி, தியானம், ஒரு கோப்பைக்குள் பிரபஞ்சம் என்கிற மாதிரியே இருந்தது. உட்கார்ந்து எழுதும் பழக்கம் உள்ளவளுக்கு இந்தச் சொற்களின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும் சொற்கள் அவை.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு கென்னின்ஜி கோயிலுக்குப் போனோம். 1202-இல் எய்சாய் என்ற துறவி நிறுவியது. அவர்தான் 1191-இல் சீனாவிலிருந்து தேயிலை விதையோடு திரும்பியவர். 1211-இல் தேநீரின் மருத்துவக் குணங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1214-இல் நாட்டின் ராணுவத் தலைவரான இளம் ஷோகன் சானெதோமோ முந்தின இரவு குடித்த மதுவின் தலைவலியோடு கிடந்தபோது, ஒரு கோப்பைத் தேநீரையும் அந்த நூலையும் சேர்த்துக் கொடுத்தார் என்று அக்காலத்து வரலாற்று ஏட்டில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய மரபு, தலைவலி மருந்தாகவும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

கோயில் வளாகத்தில் தேயிலைச் செடிகள் இருக்கின்றன. இப்போது பூக்கும் பருவம். நீலகிரியில் எத்தனையோ முறை தேயிலைத் தோட்டத்தின் வழியாகப் போயிருக்கிறேன், பூவை நின்று பார்த்ததில்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தம் கொத்தாக. பூ தலையைத் தூக்குவதில்லை, இலைக்கு அடியில் கீழே பார்த்துத் தொங்குகிறது. பூ அதிகம் பூத்தால் செடியின் சத்து அதில் போய்விடும் என்று விவசாயிகளுக்கு அதன் மேல் பெரிய பிரியம் கிடையாதாம்.

நவம்பர் 5, கியோட்டோ

ஆசிரியைக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். சித்தி மகள் அவரை 'சென்செய்' என்று கூப்பிடுகிறாள், நானும் அப்படியே. முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் பழைய மரவீடு. பின்கட்டில் நாலரைப் பாய் அளவுள்ள தேநீர் அறை. இரண்டு நாள் கழித்து நடக்கப்போகும் சடங்குக்கான வேலைதான் இன்றைக்கு. வந்த விருந்தாளி என்று என்னை யாரும் உட்கார வைக்கவில்லை. கையில் ஒரு துணியைக் கொடுத்தார்கள்.

ஜப்பானியத் தேநீர் அறையில் ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. மே முதல் அக்டோபர் வரை கணப்புச் சட்டி. அது பாயின் மேல் நிற்கும், விருந்தினரைவிட்டுத் தள்ளி இருக்கும், ஏனென்றால் வெயில் காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையிலேயே வெட்டிய அடுப்புக்குழி, பக்கத்துக்குச் சுமார் 42 சென்டிமீட்டர். குளிர்காலத்தில் நெருப்பு விருந்தினருக்கு அருகே வருகிறது. கோடை முழுக்க அந்தக் குழியின் மேல் சாதாரணப் பாய் மூடிக் கிடக்கும். அதைத் தூக்கிவிட்டு, குழிக்கு இடம்விட்டு வெட்டிய இன்னொரு பாயைப் போட வேண்டும். காலையில் பாய்க்காரர் வந்து போட்டுவிட்டுப் போனார். புதுப் பாய், புல் வாசனை வீடு முழுக்க. கதவுகளின் காகிதத்தையும் கிழித்துப் புதிதாக ஒட்டுகிறார்கள். பொங்கலுக்கு முன் நம் வீடுகளில் வெள்ளையடித்துப் பரணைத் தட்டும் அதே பரபரப்பு. தேநீர்க்காரர்களுக்கு உண்மையில் இதுதான் புத்தாண்டாம். மே மாதம் பறித்து ஜாடியில் அடைத்த இலையையும் இந்த மாதம்தான் முத்திரை உடைத்துத் திறக்கிறார்கள்.

சாம்பல் வேலை சித்தி மகளுக்கு. வாளியில் ஈரமான, தேன் நிறச் சாம்பல். இதை நவம்பரில் தயாரிக்க முடியாது. கோடையின் உச்ச வெயிலில் சாம்பலை நீரில் கரைத்துத் தூசு நீக்கி, தேயிலைக் கஷாயம் தெளித்து, காய விட்டு, சரியான ஈரத்தில் கையால் பிசைந்து சலித்து, காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். ஜூலையிலேயே நவம்பருக்கு வேலை செய்தாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இதே சாம்பல்தான், கொஞ்சம் கொஞ்சமாக மேம்படும். சென்செய்யின் சாம்பல் அவருடைய அம்மா காலத்தில் தொடங்கியது. தீப்பிடித்தால் தேநீர்க்காரர் முதலில் சாம்பலை எடுத்துக்கொண்டு ஓடுவார் என்று இங்கே சொல்வார்களாம். நான் சிரித்தேன். சென்செய் சிரிக்கவில்லை.

கரியும் வெறும் கரி இல்லை. கருவாலி வகை மரம், வெட்டுமுகத்தில் செவ்வந்திப் பூ விரிந்தது மாதிரி கீற்றுகள் ஓடும். ஒவ்வொரு துண்டுக்கும் அளவு, பெயர், இடம் உண்டு. முன்கூட்டியே தண்ணீரில் கழுவித் தூசு போக்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். கழுவாவிட்டால் எரியும்போது படபடவென்று பொரியும், பாயில் பொறி விழும். நான் ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விரலில் கறுப்பே ஒட்டவில்லை.

மாலை வரை துடைத்ததும் துவைத்ததும்தான். தேநீர் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஃபிளாஸ்க்கிலிருந்து வறுத்த தேயிலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள், நின்றுகொண்டே குடித்தோம்.

நவம்பர் 6, கியோட்டோ

மழை. அறையிலேயே.

சென்செய் வீட்டுச் சுவரில் ஒரு நாள்காட்டி பார்த்தேன். ஆண்டை 72 துண்டுகளாக்கி, துண்டுக்கு ஐந்து நாள் கணக்கில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சீனத்திலிருந்து வந்த முறை. ஜப்பானின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியலாளர் திருத்தியமைத்தார். அவர் கணித்த புதிய நாள்காட்டி 1685-இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய வரி: மேப்பிளும் கொடியும் மஞ்சளாகின்றன. நாளையிலிருந்து: கமேலியா பூக்கத் தொடங்குகிறது. 12-ஆம் தேதியிலிருந்து: நிலம் உறையத் தொடங்குகிறது.

நமக்கு ஆறு பெரும்பொழுது, பொழுதுக்கு இரண்டு மாதம். தொல்காப்பியக் கணக்கில் இப்போது கூதிர். பாட்டில் ஒரு பூவையோ பறவையையோ சொன்னதும் எந்த நிலம், எந்தப் பொழுது என்று பிடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கும் இருந்ததுதான். ஐந்து நாளுக்கு ஒன்று என்று அறுத்தால் தாங்குமா என்பது வேறு விஷயம்.

ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் பச்சையாகத்தான் இருக்கிறது. கியோட்டோவில் இப்போதெல்லாம் நவம்பர் கடைசியில்தான் முழுச் சிவப்பு. நாள்காட்டி ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். ஆனால் மரம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்ல முடிவதே யாரோ எழுதி வைத்ததால்தான். ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் அரசவையினர், துறவிகள் எழுதிய பழைய நாட்குறிப்புகளைத் தேடித் தேடி, கியோட்டோவில் செர்ரி முழுதாகப் பூத்த தேதிகளை 812-ஆம் ஆண்டிலிருந்து தொகுத்தார். 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே பூத்துவிட்டது. அதுவரையிலான 1,200 ஆண்டுப் பதிவில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. 'இன்று பூ பார்க்கப் போனோம், விருந்து நடந்தது' என்று எழுதிய ஒரு பிரபு, புவி வெப்பமாதலுக்குச் சாட்சி சொல்லப்போகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார். பூவைப் பார்த்து அவர் மனம் எப்படி நெகிழ்ந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த ஆராய்ச்சிக்கு அது உதவியிருக்காது.

நவம்பர் 7, கியோட்டோ

குளிர் தொடங்கும் நாள் என்று நாள்காட்டி சொல்கிறது. வெயில் சுள்ளென்று அடித்தது.

அடுப்பு திறப்பு. விருந்தினர் நான்கு பேர். நான் கடைசி இடத்தில். முதல் இடத்தில் இருப்பவர்தான் பேசுவார், கேட்பார். கடைசியில் இருப்பவருக்குத் திருப்பிக் கொடுக்கிற வேலை. உலகம் முழுக்கத் தேநீரின் மௌனத்தைப் பற்றி எழுதுகிறார்கள். இங்கே வந்து பார்த்தால் கேள்வியும் பதிலுமாகவே போகிறது. சுவரில் தொங்கும் சுருளில் உள்ள எழுத்து யாருடையது? இந்தப் பொடி எந்தக் கடை, அதன் பெயர் என்ன? இனிப்பு எங்கே செய்தது? தண்ணீர் ஜாடி எந்தச் சூளை? ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும்.

அடுப்பு திறப்புக்கென்று மூன்று பொருள்கள் இருந்தால் நல்லது என்பது வழக்கம்: ஓரிபே வகைப் பாண்டம் ஒன்று, கரி வைக்கச் சுரைக்குடுக்கை, இன்பே ஊர்ச் சூளையில் சுட்ட பாண்டம் ஒன்று. மூன்றின் ஜப்பானியப் பெயரும் 'பே' என்று முடியும், அவ்வளவுதான் காரணம். இந்தச் சுரைக்குடுக்கையை வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கிறார்கள். பழுப்பு நிறம், வாயை வட்டமாக வெட்டி உள்ளே காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.

சென்செய் கரி வைத்தார். இதை நான் முழுதாக எழுத வேண்டும்.

இரும்புப் பானையின் இரண்டு காதிலும் வளையங்களை மாட்டித் தூக்கி, ஒரு காகிதக் கத்தையின் மேல் இறக்கிப் பின்னால் நகர்த்தினார். குழிக்குள் முன்பே மூன்று கரித்துண்டுகள் சிவந்து கிடந்தன. ஒரு பறவை இறகால் குழியின் விளிம்பைப் பெருக்கினார். தூசு எதுவும் இல்லை, ஆனாலும் பெருக்கினார். அந்த நேரத்தில் விருந்தினர் நான்கு பேரும் முழங்காலில் நகர்ந்து குழியைச் சுற்றி வந்தோம். சட்டப்படியே இந்த இடத்தில் எட்டிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஈரச் சாம்பலை ஒரு சிறு கரண்டியால் நெருப்பைச் சுற்றித் தூவினார். சூட்டில் ஈரம் மெல்ல ஆவியாகி, தேன் நிறம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. அப்புறம் பெரிய உருளைக் கரி, கையால். பிறகு இரும்புக் குச்சிகளால் சிறியவை, பிளந்தவை. கடைசியில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் குச்சிக்கரி. கருப்புக்கு மேல் வெள்ளை, அடியில் சிவப்பு. துண்டுகளுக்கு நடுவில் காற்றுப் போக இடம் விட்டிருந்தார். அந்த இடைவெளியில்தான் சூட்சுமம் எல்லாம் என்று சித்தி மகள் காதில் சொன்னாள். தண்ணீர் எப்போது கொதிக்க வேண்டும் என்பது இங்கே தீர்மானமாகிறது. கடைசியாக, பிசைந்து உருட்டிய வாசனை உருண்டைகளில் ஒன்றைச் சூடான சாம்பலில் வைத்தார். குளிர்காலத்துக்கு உருண்டை, பீங்கான் சிமிழில். கோடைக்குச் சந்தனத் துண்டு, மரச் சிமிழில். வாசனைக்கும் காலம் உண்டு.

தேநீர்க் கலையின் ரகசியம் என்ன என்று பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் ரிக்கியூவிடம் ஒருவர் கேட்டாராம். 'தண்ணீர் கொதிக்கும்படி கரி வை, குடிக்க நன்றாக இருக்கும்படி தேநீர் போடு, பூவை வயலில் இருப்பது போல வை, கோடையில் குளுமை, குளிரில் வெதுவெதுப்பு, நேரத்துக்கு முன்பே தயாராகு, மழை வராவிட்டாலும் குடை வை, வந்தவர் மனத்தைப் பார்' என்றார். 'இது எனக்கே தெரியுமே' என்றார் கேட்டவர். 'அப்படியானால் செய்து காட்டுங்கள், நான் உங்கள் சீடனாகிறேன்' என்றாராம் ரிக்கியூ. ஊருக்கு ஊர் சொல்லப்படும் கதைதான். சென்செய் கரி வைத்ததைப் பார்த்த பிறகு அந்த முதல் விதியை யாரும் சாதாரணமாக எண்ண முடியாது.

தேநீருக்கு முன்னால் எள் கலந்த 'இனோகோ மோச்சி' என்ற இனிப்பும், செம்பயறுப் பாயசம் மாதிரி ஒன்றும் கொடுத்தார்கள். பச்சைத் தேயிலைப் பொடியைக் கரைத்த தேநீர், மாட்சா, எப்படி இருந்தது? கெட்டியாக, கீரை மாதிரி, கசப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட இனிப்பு. நல்லது. ஆனால் கரி வைத்த அந்த இருபது நிமிடத்துக்குத்தான் நான் திரும்ப வருவேன்.

நவம்பர் 8, உஜி

கியோட்டோவுக்குத் தெற்கே, ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. உஜிக்கு ஒரு நிலையம் முன்னால் ஓபாகுவில் இறங்கினோம். மன்புகுஜி கோயில் பார்க்க. சீனத் துறவி இங்கென் 1661-இல் நிறுவியது. கட்டடமும் சீன பாணி. உணவுக்கூடத்துக்கு வெளியே ஆள் நீளத்துக்கும் மேலான மரமீன் ஒன்று தொங்குகிறது. அதை அடித்துத்தான் நேரம் அறிவிக்கிறார்கள். பல நூறு வருஷம் அடிபட்டு அடிபட்டு மீனின் விலாவில் பள்ளம்.

நான் வந்தது பாய்சாவோ என்பவருக்காக. பெயரே 'தேநீர் விற்கும் கிழவர்' என்றுதான். இந்தக் கோயிலின் சம்பிரதாயத்தில் துறவியாக வளர்ந்தவர். 1735-இல், அறுபது வயது நெருங்கிய காலத்தில், கியோட்டோ தெருவில் தேநீர்க் கடை போட்டார். பொடி கரைத்த மாட்சா இல்லை, இலையை நீரில் போட்ட எளிய தேநீர். மூங்கில் குழாய் ஒன்றை உண்டியலாகத் தொங்கவிட்டு, அதில் இப்படி எழுதி வைத்திருந்தார்: நூறு பொற்காசானாலும் சரி, அரைக்காசானாலும் சரி, இஷ்டம் போலக் கொடுங்கள், சும்மா குடித்தாலும் சரி, அதைவிடக் குறைத்துக் கொடுக்க முடியாததற்கு வருந்துகிறேன். துறவி பிச்சை எடுத்து வாழ்வதைவிட இது மேல் என்பது அவர் வாதம். எண்பது வயதில், 1755-இல், தோளில் சுமந்து திரிந்த கூடையையும் சாமான்களையும் தானே எரித்தார். தன் காலத்துக்குப் பிறகு அவை கண்டவர் கையில் சிக்கி இழிவுபடக் கூடாதாம். எரிப்பதற்கு முன் அந்தக் கூடைக்கு ஒரு விடைகூறல் எழுதினார். கூடைக்கு! ரிக்கியூவைவிட இந்தக் கிழவரோடு எனக்குச் சுலபமாக ஒட்டுகிறது. கோயிலில் அவர் நினைவாக ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. எங்களைத் தவிர யாரும் இல்லை.

உஜியில் இதற்கு நேர்மாறு. பாலத்திலிருந்து பியோதோஇன் கோயில் வரை கடை கடையாகப் பச்சை: ஐஸ்கிரீம், நூடுல்ஸ், கொழுக்கட்டை எல்லாம். மாட்சாவுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி வந்துவிட்டது. நல்ல பொடி கேட்டால் ஆளுக்கு ஒரு டப்பா என்று கணக்கு வைக்கிறார்கள். சில கடைகளில் காலையிலேயே அலமாரி காலி. குறை சொல்ல மாட்டேன். உஜி எப்போதுமே விற்ற ஊர்தான். பாலத்தின் முனையில் 1160-இலிருந்து ஒரு தேநீர்க் கடை நடக்கிறது. பாலத்தின் நடுவே ஓர் இடம் மட்டும் ஆற்றின் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். ரிக்கியூ காலத்தில் நாட்டை ஆண்ட ஹிதெயோஷி தன் தேநீருக்கு அங்கிருந்துதான் தண்ணீர் இறைக்கச் சொன்னார் என்பார்கள். நாங்கள் பார்த்தபோது ஒரு பள்ளிக்கூடப் பையன் அங்கே நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

ஒரு கடையில் கல் திரிகையைச் சுற்ற விட்டார்கள். இலையின் கதை இப்படி: பறிப்பதற்கு முன் மூன்று வாரம் போல் செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். முன்பு நாணல் தட்டியும் வைக்கோலும், இப்போது பெரும்பாலும் கருப்பு வலை. வெயில் பட்டால் இலையின் ருசிச் சத்து துவர்ப்பாக மாறிவிடும். நிழலில் அது அப்படியே தங்கும், பச்சையும் ஏறும். பறித்த இலையை ஆவியில் காட்டி, உருட்டாமல் உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கினால் மிஞ்சுவதுதான் திரிகைக்கு வரும். நம் ஊர் ஆலையில் டீத்தூள் சரசரவென்று கொட்டுவதைப் பார்த்த கண்ணுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் காரியம். இயந்திரம் சுற்றும் கல்லில் ஒரு மணி நேரம் திரித்தால் 40 கிராம் வரும். வேகமாகச் சுற்றினால் கல் சூடாகி மணம் போய்விடும். ஒரு கோப்பைக்கு 2 கிராம். நான் பத்து நிமிடம் சுற்றிய பிறகு கல்லின் விளிம்பில் பச்சைக் கோடு ஒன்று விழுந்திருந்தது. கடைக்காரப் பெண் அதை இறகால் கூட்டிக் காட்டினாள். ஒரு கோப்பைக்கே பத்தாது.

நவம்பர் 10, யமசாகி

ரிக்கியூ அமைத்ததாக இன்று மிஞ்சியிருக்கும் ஒரே தேநீர் அறை இங்கே, மியோகியான் கோயிலில். பெயர் தைஆன். தேசியப் பொக்கிஷம். பார்க்க வேண்டுமானால் ஒரு மாதம் முன்பே தபால் அட்டை எழுதி அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் பதிவு செய்யும் வழியெல்லாம் கிடையாது. நான் ஊரிலிருந்து கிளம்பும்போது அதற்கு நேரம் இல்லை. ஆகவே பக்கத்தில் ஊர் அருங்காட்சியகத்தில் அச்சு அசலாகக் கட்டி வைத்திருக்கும் நகலைப் பார்த்தோம்.

இரண்டு பாய். விருந்தினருக்கு ஒன்று, தேநீர் போடுகிறவருக்கு ஒன்று, மூலையில் அடுப்பு. சுவரில் மண்ணோடு வைக்கோல் தெரிகிறது. மாடத்தின் உள்மூலைகளையும் மண் பூசி மழுக்கியிருக்கிறார்கள், கோடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தவழ்ந்துதான் நுழைய வேண்டிய வாசல். 1582-இல் ஹிதெயோஷி தன் தலைவனைக் கொன்றவனோடு இதே யமசாகியில் போரிட்டு வென்றார். அந்த மனிதரும் இப்படிக் குனிந்து நுழைந்திருக்க வேண்டும். தங்கத் தகடு பதித்த தேநீர் அறை ஒன்றையும் வைத்திருந்தவர் அவர்.

ஒன்பது வருஷம் கழித்து அவர் உத்தரவின் பேரில் ரிக்கியூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியிருந்தது. காரணம் என்ன என்பதில் இன்றும் வழக்கு. தைதோகுஜி கோயில் வாயில் மாடத்தில் ரிக்கியூவின் மரச்சிலையை வைத்தார்கள், அதன் காலடியில் ஹிதெயோஷி நடக்க வேண்டியதாயிற்று என்பது ஒன்று. பாண்டங்களை அதிக விலைக்கு விற்றார் என்பது மற்றொன்று.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. 1590 இலையுதிர் காலத்திலிருந்து 1591 தொடக்கம் வரை ரிக்கியூ நடத்திய தேநீர் விருந்துகளின் பதிவு ஒன்று இருக்கிறது. மரணத்துக்கு முந்தின மாதங்கள் அவை. அதில் புலம்பல் இல்லை, தத்துவம் இல்லை. யார் வந்தார், எந்தப் பானை, எந்தக் கோப்பை, என்ன சாப்பாடு. அவ்வளவே. இது அவர் ஒருவருடைய பழக்கமும் இல்லை. நாரா ஊரில் அரக்குச் சாமான் வணிகம் செய்த மாட்சுயா குடும்பம் 1533-இல் தொடங்கி மூன்று தலைமுறை தேநீர்க் குறிப்பு எழுதியது. அதிலும் இதே கணக்குதான். தேநீர்க்காரர்கள் எழுதியே வந்திருக்கிறார்கள், மனத்தை எழுதாமல் பொருளை எழுதினார்கள். நானோ இத்தனை வருஷம் நாட்குறிப்பில் மனத்தை மட்டுமே எழுதி வந்தேன். பழைய பக்கங்களைத் திருப்பினால் எந்த ஊரில் இருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விஸ்கி ஆலை. 1923-இல் ஜப்பானின் முதல் விஸ்கி ஆலையை இந்த ஊரில் கட்டினார்கள், தண்ணீருக்காக. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடவில்லை. இரண்டு தபால் அட்டைகள் எழுதியிருக்க வேண்டிய ஊர்.

நவம்பர் 11, சாகா

கியோட்டோவின் மேற்கு ஓரம். மூங்கில் காட்டில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைத் தாண்டி நடந்தால் ராகுஷிஷா. ஹைக்கூ கவிஞர் பாஷோவின் சீடர் கியோராயின் குடில். இப்போது இருப்பது பிற்காலத்தில் மீண்டும் கட்டியது. தோட்டத்தில் நாற்பது சீமைப் பனிச்சை மரங்கள் இருந்தனவாம். பழத்தை எல்லாம் ஒரு வியாபாரி முன்பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போக, அன்று இரவே காற்றில் அத்தனையும் உதிர்ந்துவிட்டது. கியோராய் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடிலுக்கு 'பழம் உதிர்ந்த குடில்' என்று பெயர் வைத்துக்கொண்டார். இன்றைக்கு மரத்தில் பழம் இருந்தது, ஆரஞ்சு நிறத்தில், இலை முக்கால்வாசி கொட்டி.

சுவரில் வைக்கோல் மழைக்கோட்டும் தொப்பியும் மாட்டியிருக்கும். மாட்டியிருந்தால் ஐயா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். இன்றும் மாட்டியே வைக்கிறார்கள்.

பாஷோ 1691 வசந்தத்தின் முடிவில் இங்கே இரண்டு வாரத்துக்கு மேல் தங்கி நாட்குறிப்பு எழுதினார். முதல் நாளே அறையில் என்னென்ன இருந்தன என்று பட்டியல்: மேசை, மைக்கல், புத்தகங்களின் பெயர்கள், அடுக்குப் பெட்டியில் இனிப்பு, நல்ல மது ஒரு ஜாடி. இன்னொரு நாள் ஒரே கொசுவலைக்குள் ஐந்து பேர் படுத்துத் தூக்கம் வராமல், நள்ளிரவில் எழுந்து, பகலில் மிஞ்சிய இனிப்பைத் தின்று குடித்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கொசுவலை புழுக்கம் அடிக்கிறது. தமிழில் பாரதி 1916-இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். அதன் சுருக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கு இந்த உரைநடைதான் பிடித்திருக்கிறது.

பத்து நிமிடம் மழை தூறி நின்றது, வெயிலோடு. குளிர் தொடங்கும்போது கியோட்டோவில் இப்படித்தான் வந்து வந்து போகும். அதற்கென்று கவிதையில் தனி இடம் உண்டு. குடிலில் கவிதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சித்தி மகள் எழுதிப் போட்டாள், காட்ட மாட்டேன் என்றாள்.

நவம்பர் 13, கியோட்டோ

கடைசிப் பாடம். இன்று தேநீர் போடுவது சித்தி மகள், விருந்தினர் நான் மட்டும். சென்செய் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். கை அரை அங்குலம் தாழ்ந்தாலும் தெரிந்துவிடுகிறது அவருக்கு.

எல்லாம் முடிந்த பிறகு விருந்தினர் பொடிச் சிமிழையும் மூங்கில் கரண்டியையும் பார்க்கக் கேட்க வேண்டும். பார்த்துவிட்டு, 'கரண்டிக்கு என்ன பெயர்?' என்று கேட்க வேண்டும். புகழ் பெற்ற கரண்டிகளுக்கு அவற்றைச் செய்தவரோ ஒரு பெரியவரோ வைத்த பெயர் உண்டு. வகுப்பில் இருப்பது சாதாரணக் கரண்டி. ஆகவே பாடம் நடக்கும்போதெல்லாம் மாணவர் அந்த நாளுக்குப் பொருந்தும் பெயர் ஒன்றைத் தானே சொல்ல வேண்டும். காலத்தை மீறினால் தவறு. சித்தி மகள் கைபேசியில் மாதவாரியாகப் பெயர்ப் பட்டியலே வைத்திருக்கிறாள்.

நான் கேட்டேன். அவள் 'குளிர்காலத் தூறல்' என்றாள்.

"போன வருஷமும் அதையேதான் சொன்னாய்" என்றார் சென்செய். "நவம்பரில் எல்லாரும் தூறல். இன்றைக்கு வரும் வழியில் என்ன பார்த்தாய்?" அவள் ரயிலில் தூங்கிவிட்டாளாம். சென்செய் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள்."

வரும் வழியில் நடைபாதையில் கின்கோ மரத்தின் கொட்டைகள் உதிர்ந்து நசுங்கிக் கிடந்தன. வறுத்துத் தின்றால் ருசியாம், ஆனால் மேல்தோல் நாற்றம் தாங்காது. ஒரு பெரியவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கையுறையோடு பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வெட்கத்தோடு தலையாட்டினார். இதை நான் சொன்னேன்.

"அக்கா, வேண்டாம்க்கா" என்றாள் சித்தி மகள். மொழிபெயர்க்கவே தயங்கினாள். சென்செய்க்கு விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் கரண்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "சரி. இன்றைக்கு மட்டும்."

இரவு எழுதியது, மாட்சுயா வீட்டுக்காரர்கள் பாணியில்:

பதின்மூன்றாம் தேதி, பிற்பகல். நாலரைப் பாய் அறை.
மாடத்தில்: 'சூரியன் மேலே, காகம் கீழே' ஓவியம், சென்செய்யின் அண்ணன் வரைந்தது.
பூ: வெள்ளைக் கமேலியா மொட்டு, பழுத்த இலைக் கிளை ஒன்று.
பானை: வட்டம், மூடியில் ஒரு சிறு விரிசல்.
கோப்பை: கருப்பு, சென்செய்யின் அம்மாவுடையது.
பொடி: உஜி, இளவெண்பச்சை நுரை.
இனிப்பு: கஷ்கொட்டை உருண்டை.
கரண்டி: மூங்கில். பெயர், 'கின்கோ கொட்டை'.
விருந்தினர்: நான் ஒருத்தி. இனிப்பு இரண்டு மீந்தது. காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.